ஆரபியோட அப்பா பேசுறேன்

பத்து முப்பத்தொண்ணு. ராகு காலம் ஆரம்பிச்சாச்சு. பன்னெண்டு மணி வரைக்கும் நான் கீபோர்டைத் தொடக் கூடாது, இது பாத்திரக்கடை வைத்திலிங்கம் சாரோட உத்தரவு. கும்பகோணத்துல மூணு கடை வச்சிருக்கற மனுஷன், மூணுக்கும் சேத்துப் புது பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்திருக்கேன், நாலு மாச உழைப்பு, எல்லாம் முடிஞ்சு கருப்புத் திரையில ஒத்தை வரி நிக்குது, என்டர் தட்டினாப் பழசு போயிப் புதுசு வந்துடும். ஒம்போதரைக்கே தட்டியிருப்பேன். எவர்சில்வர் அண்டாவையும் பித்தளைக் குடத்தையும் ஒரே எடைப் பட்டியல்ல கலந்து கட்டி அனுப்பியிருந்தாங்க, அதைப் பிரிச்சு அடுக்கறதுக்குள்ள பத்து இருபத்தஞ்சு ஆயிடுச்சு. உடனே வாய்ஸ் மெசேஜ். "தம்பி, இனிமே வேணாம், பன்னெண்டுக்கு மேல பாத்துக்கலாம், நடுவுல ஒரு பட்டனையும் தொட்டுடாதீங்க, உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன்." சர்வருக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாதுன்னு அவருகிட்ட யாரு சொல்றது. நான் சொல்ல மாட்டேன். நான் யாருகிட்டயும் எதையும் சொல்ல மாட்டேன், அதுதான் என் தொழிலு. இப்ப என்னடான்னா ஒண்ணரை மணி நேரம் வேலை இல்லாம உக்காந்திருக்கேன். என் மாமனாரைக் கேட்டா எனக்கு எப்பவுமே வேலை இல்லைம்பாரு. "ஃப்ரீயாத்தானே இருக்கீங்க மாப்ள, கேஸ்காரன் வருவான், கொஞ்சம் பாத்துக்குங்க." பன்னெண்டு வருஷமா இந்த ஹால் மூலையில, ஃப்ரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல, முகம் தெரியாத ஆளுங்களுக்கெல்லாம் எழுதிக் குடுத்துக் குடும்பம் நடத்திட்டிருக்கேன், அவரு கணக்குக்கு நான் வீட்ல இருக்கறவன். போகட்டும். ஃப்ரிட்ஜு உறுமி உறுமி இப்பத்தான் அடங்குது. கீழ் வீட்ல மிக்ஸி ஓடுது, தேங்கா வாசனை வருது. வேலை இருந்தா இதெல்லாம் காதுலயும் மூக்குலயும் ஏறாது. வேலை இருந்தா அந்த மெசேஜையும் யோசிக்க மாட்டேன். ஃபோனைத் திருப்பிப் பாக்குறேன். ஒரு டிக். இன்னும் ஒரே ஒரு டிக்தான்.

நேத்து சாயங்காலம் ஏழு மணி இருக்கும். என் வீட்டுக்காரி மங்கை இன்னும் வரலை, ஆஸ்பத்திரி லேப்ல அவளுக்கு எட்டு வரைக்கும் டியூட்டி. ஆரபி கீழ தெருவுல சைக்கிள் விட்டுட்டிருந்தா, மணியடிக்கற சத்தம் மேல வரைக்கும் கேக்குது, ஒம்போது வயசு, நாலாங்கிளாஸ், ஒத்தைப் புள்ளை. நான் குக்கர் வச்சுட்டு விசிலு எண்ணிட்டிருந்தேன். ரெண்டாவது விசிலுக்கும் மூணாவது விசிலுக்கும் நடுவுல ஆரபி கிளாஸ் ரெஜினா மிஸ் மெசேஜ். நாளைக்குத் தமிழ் மன்ற விழா சார், ஆரபி பேசறா, ரிகர்சல்ல ரொம்பத் திக்கிடுச்சு, மத்த புள்ளைங்க சிரிச்சுட்டாங்க, நாளைக்கு ஸ்கூல் மொத்தமும் உக்காந்திருக்கும், குழந்தை கஷ்டப்படுவாளோன்னு பயமா இருக்கு, வேற புள்ளைக்கு மாத்திட்டு இவளை விருந்தினருக்குப் பூங்கொத்துக் குடுக்கச் சொல்லட்டுமா, நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி. நல்ல மனுஷி, கெட்ட எண்ணமே கெடையாது. ஆனா நடுவுல அந்த ஒரு வார்த்தை, சிரிச்சுட்டாங்க, அதைப் படிச்சதும் எனக்கு உள்ள என்னமோ ஆயிப்போச்சு. அது ஆரபியைப் பாத்துச் சிரிச்ச மாதிரியே இல்ல. முப்பது வருஷத்துக்கு முன்னாடி என்னைப் பாத்துச் சிரிச்ச அதே பயலுங்க அதே பெஞ்சுல உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு. பதினஞ்சு செகண்டு. அவ்வளவுதான் எடுத்துக்கிட்டேன். சரி மிஸ், மாத்திடுங்க, நன்றின்னு எழுதி, பக்கத்துல கும்பிடு போடற பொம்மை ஒண்ணையும் ஒட்டி அனுப்பிட்டேன். கும்பிடு வேற கேடு எனக்கு! ரெண்டு நீல டிக் வந்துச்சு, மூணாவது விசிலு வந்துச்சு, அடுப்பை அணைச்சேன். அப்ப என்னமோ பெரிய ஆபத்துலேருந்து புள்ளையைக் காப்பாத்திட்ட மாதிரி நிம்மதியா இருந்துச்சு, பாவி எனக்கு. இது எங்க தொழிலோட கைப்பழக்கம். ஒரு வரி தகராறு பண்ணுது, நாளைக்கு டெலிவரி, என்ன கோளாறுன்னு தோண்டிப் பாக்க நேரமில்ல, என்ன பண்ணுவோம், அந்த வரிக்கு முன்னாடி ரெண்டு கோடு போட்டுடுவோம். வரி அங்கேயே இருக்கும், ஆனா ஓடாது. கஸ்டமருக்கு ஒண்ணும் தெரியாது, திரையில தப்பும் வராது. அப்பறம் பாத்துக்கலாம்னு பக்கத்துல ஒரு குறிப்பு எழுதி வைப்போம். அந்த அப்பறம் ஒரு நாளும் வந்ததில்ல, எந்த ப்ரோக்ராமரை வேணா கேட்டுப் பாருங்க. நான் எம் பொண்ணுக்கு முன்னாடி ரெண்டு கோடு போட்டுட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. மங்கைகிட்டயும் சொல்லலை. சொல்லியிருந்தா அவ என்னைக் குக்கரோட சேத்து வெளியில வச்சிருப்பா.

பத்து நாப்பது. எனக்குத் திக்கும். பாரு, இப்படி உள்ளுக்குள்ள சொல்லிக்கறப்ப எவ்வளவு சுளுவா வருது. உள்ள எனக்குத் தடங்கலே கெடையாது, மடை திறந்த வெள்ளம்தான், என்னை மாதிரி வாயாடி இந்தத் தெருவுலயே இல்ல, ஆனா எல்லாம் பல்லுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போகணும்னா க வந்து நிக்கும், த வந்து நிக்கும், ப வந்து நிக்கும், கதவைச் சாத்திட்டு நிக்கற மாதிரி நிக்கும். அதனால சின்ன வயசுலேயே சுத்து வழி கத்துக்கிட்டேன். பாபநாசம் போகணும்னா ப வராது, கண்டக்டர் கையை நீட்டிட்டு நிப்பாரு, நான் அதைத் தாண்டி இருக்கற அய்யம்பேட்டைன்னு டிக்கெட் எடுத்துட்டுப் பாபநாசத்துல எறங்கிடுவேன். அத்தை வீட்டுக்கு எத்தனை வருஷம் அப்படிப் போனேன்னு எனக்கே தெரியாது. ஓட்டல்ல பூரி தின்ன ஆசையா இருக்கும், இட்லின்னுதான் வாயில வரும். தட்சிணாமூர்த்திக்கு இட்லின்னா உசுருன்னு ஊர்ல பேரு. இந்தப் பேரு ஒரு பேரு பாருங்க, தட்சிணாமூர்த்தி! எங்கப்பா ஆலங்குடிக்கு வேண்டிக்கிட்டு வச்சது. பேசாமலே பாடம் சொல்ற சாமி பேரை வச்சுட்டு, புள்ளை பேச மாட்டேங்கறானேன்னு டாக்டர் டாக்டரா அலைஞ்சாரு. காலேஜ் முடிச்சு இன்டர்வியூவுக்குப் போனா மொதக் கேள்வியே உங்க பேரு என்ன. வேற எந்த வார்த்தைக்கும் மாத்து வார்த்தை உண்டு, சொந்தப் பேருக்கு எங்க போறது. த-வுல மாட்டிக்கிட்டு நிக்கறேன், நடுவுல உக்காந்திருந்த ஆளு சிரிச்சுக்கிட்டே, "என்ன சார், பேரு மறந்துபோச்சா?" அன்னிக்கு எழுந்து வந்தவன்தான். வீட்லேருந்தே வேலை, எல்லாம் எழுத்துல, தொடர்புக்கு மெசேஜ் மட்டும்னு போட்டுக்கிட்டேன். கஸ்டமருங்க என்னடான்னா சார் ரொம்ப டீசன்ட், அனாவசியமா ஒரு கால் பண்ண மாட்டாருன்னு மெச்சிக்கறாங்க. வைத்திலிங்கம் சாருக்கு நேர்ல போனாலும் பிரச்சனை இல்ல, அவரே கேள்வி கேட்டு அவரே பதில் சொல்லிட்டு அவரே காபியும் சொல்லிடுவாரு. இப்ப வந்திருக்கற ஏஐ-யும் அப்படித்தான், நான் நாலு எழுத்து அடிச்சா மீதி வரியை வெளிர் சாம்பல்ல எழுதிக் காட்டுது, இதுதானே சொல்ல வந்தே, இதுதானேன்னு. பாதி வேலை குறையுது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா மொத நாளு அதைப் பாத்தப்ப எனக்கு முதுகுல சிலுத்துச்சு. வாழ்நாள் பூரா என் வாக்கியத்தை யாராவதுதான் முடிச்சு வச்சிருக்காங்க, அதுவும் தப்புத் தப்பா. எனக்கு லீவு வேணும்னு சொல்ல வந்தா உடம்பு சரியில்லையான்னு கேட்டு மாத்திரை குடுத்து அனுப்புவாங்க. நானும் ஆமான்னு வாங்கிட்டு வந்துடுவேன். ஆமாங்கறது சுளுவா வர்ற வார்த்தை.

ஆரபின்னு பேரு வச்சதே நான்தான். மங்கைக்கு வேற ஆசை இருந்துச்சு, நான் ஒத்தைக் கால்ல நின்னேன். ஆ-வுல ஆரம்பிக்கணும், கூப்பிடறப்ப தடங்கக் கூடாது, எம் புள்ளையை நான் வாய் நிறையக் கூப்பிடணும். சங்கீத ராகம், ரொம்ப ஒசத்தின்னு மாமனாருகிட்ட கதை விட்டேன். உண்மை என்னன்னு மங்கைக்கு மட்டும் தெரியும். நாலு வயசுல ஆரபிக்கும் திக்க ஆரம்பிச்சப்ப நான் மாடியில போயி உக்காந்து அழுதேன், கண்ணு நெறத்தைக் குடுத்திருக்கலாம், மூக்கைக் குடுத்திருக்கலாம், போயும் போயும் இதைக் குடுத்திருக்கேனேன்னு. சரி, பேராவது சுளுவா இருக்கே, பேரு கேட்டா முழிக்க மாட்டாளேன்னு தேத்திக்கிட்டேன். ஸ்கூல்ல சேத்த மொத வாரம் தெரிஞ்சுது, அங்க இனிஷியலோடதான் சொல்லணுமாம். என் பெயர் த. ஆரபி. என் த! அட முட்டாளே, இவ்வளவு யோசிச்சவன் இனிஷியலை யோசிக்கலையே! அவ வாசல்லயே நான் போயி உக்காந்துக்கிட்டு அவளை வெளியில விட மாட்டேங்கறேன். ஆனா அவ என்னை மாதிரி இல்ல, அதைச் சொல்லணும். இந்தப் பேச்சுக்கு அவளே பேரு குடுத்தா, யாரும் தள்ளி விடலை. தலைப்பு எங்கள் வீட்டுப் பல்லி. டியூப்லைட்டுக்குப் பின்னாடி குடியிருக்கற பல்லிக்கு வாலு போயி மறுபடி மொளைச்ச கதை, தேதி போட்டு நோட்ல எழுதி வச்சிருந்தா, அதைப் பேசணுமாம். நான் என்ன பண்ணினேன், என் புத்தியைக் காட்டினேன். பாப்பா, எறும்புன்னு மாத்திக்கயேன், நமக்குச் சொல்ல வசதியா இருக்கும்னேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே. "எ-எறும்புக்கு ஒண்ணுமே ஆகலியேப்பா. ப... ப... பல்லிக்குத்தானே வாலு போச்சு." ரெண்டு வாரமா வாஷிங் மெஷின் முன்னாடி நின்னு பேசிப் பாக்குறா. அது ஓடிட்டிருக்கறப்ப பேசினா திக்கறது கம்மியா இருக்காம், அவளே கண்டுபிடிச்சது. இன்னிக்குக் காலையில ரெட்டைப் பின்னல் போட்டு, மங்கை ராத்திரியே இஸ்திரி போட்டு வச்ச யூனிஃபார்மைக் கசங்காமப் புடிச்சுக்கிட்டு வேன்ல ஏறினா. ஏறி உக்காந்து ஜன்னல் வழியா, "அப்பா, டி-டிஃபன் பாக்ஸ்ல பொட்டுக் கடலைச் சட்டினி வச்சியா?"ங்கறா. வச்சேன்மா. வேன் போயிடுச்சு. பூங்கொத்துக் குடுக்கப் போறோம்னு தெரியாம என் புள்ளை போறா. தெருவுல நின்னவன் அப்படியே நின்னேன், பால்காரர் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சாரு.

பத்து ஐம்பத்தஞ்சு. விழா பதினொண்ணரைக்கு. எட்டே முக்காலுக்கே மிஸ்ஸுக்கு எழுதிட்டேன், மன்னிக்கணும் மிஸ், மாத்த வேண்டாம், ஆரபியே பேசட்டும்னு. ஒரு டிக். மிஸ்ஸுங்க எல்லாரும் ஃபோனை அணைச்சு ஆபீஸ் அலமாரியில வச்சுட்டுத்தான் கிளாஸுக்குப் போகணும், அந்த ஸ்கூல் வழக்கம். ஸ்கூல் ஆப்புல போயிப் பாத்தேன், அவங்க நமக்கு அனுப்பலாம், நாம அவங்களுக்கு அனுப்ப ஒரு எடமும் இல்ல. எவன் எழுதினானோ, அவன் மட்டும் என் கையில கெடைச்சா! ஈமெயில் போட்டேன், அதை யாரு பாக்கறாங்க. நேர்ல போனா என்ன, ஆட்டோ புடிச்சாப் பத்து நிமிஷம். கேட்ல போர்டு மாட்டியிருக்காங்க, பெற்றோர் ஆபீஸுக்கு ஃபோன் செய்து அனுமதி பெற்ற பின்னரே உள்ளே வரவும். மங்கைக்கு அடிச்சு அவளைப் பேசச் சொல்லலாம், லேப்ல ரத்தம் எடுத்துட்டிருக்கறப்ப அவ ஃபோன் எடுக்க மாட்டா, எடுத்தாலும் மொதல்ல நேத்து நான் பண்ணின வேலையைச் சொல்லணும். சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்குது. ஆபீஸ் லேண்ட்லைன். நம்பரு என் முன்னாடி இருக்கு, அழுத்தினாப் போகும். அழுத்தினா அந்தப் பக்கம் ஹலோம்பாங்க, நான் பேசணும். பேச்சுத் தெரபிஸ்டு அம்மா வீடியோல வர்றப்பெல்லாம் சொல்வாங்க, குழந்தைக்கு நீங்க பாடம் நடத்த வேண்டாம், அவ முன்னாடி நீங்க திக்கித் திக்கிப் பேசுங்க, அது போதும்னு. நான் தலையாட்டுவேன். தலையாட்டறதுல நம்மளை அடிச்சுக்க ஆளில்ல.

பதினொண்ணு அஞ்சு. ஒரு யோசனை வந்துச்சு பாருங்க. கம்ப்யூட்டரையே பேச விட்டா என்ன? எழுத்தைக் குடுத்தாக் குரலா மாத்தித் தர்ற சங்கதி எத்தனை இருக்கு, போன வருஷம் ஒரு ட்ராவல்ஸ்காரருக்கு நானே பண்ணிக் குடுத்திருக்கேன். வைத்திலிங்கம் சார் மன்னிக்கட்டும், கீபோர்டைத் தொட்டுட்டேன். வணக்கம், நான் நான்காம் வகுப்பு ஆரபியின் தந்தை பேசுகிறேன், ரெஜினா ஆசிரியையிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். எழுதிப் போட்டேன். ஆறு செகண்டுல தயார். தட்டினேன். ஆஹா, என்ன குரலு! நியூஸ் வாசிக்கறவர் மாதிரி கணீர்னு, த-வும் ப-வும் வழுக்கிக்கிட்டு ஓடுது. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. இப்படி ஒரு குரலு இருந்திருந்தா நான் எங்கேயோ இருந்திருப்பேன். ரெண்டாந்தரம் போட்டுக் கேட்டேன். மூணாந்தரம் கண்ணை மூடிட்டுக் கேட்டேன். ஃபோனை ஸ்பீக்கர்கிட்ட வச்சு இதைப் போட்டா முடிஞ்சுது, வேலை ஆயிடும், யாருக்குத் தெரியப் போகுது. தெரியும், ஆரபிக்குத் தெரியும். மிஸ் அவகிட்ட உங்கப்பா ஃபோன் பண்ணினாரும்மான்னு சொல்வாங்க, எவ்வளவு நல்லாப் பேசறாருன்னு சொல்வாங்க. அவ அன்னிக்கே புரிஞ்சுக்குவா, அப்பா கடைசி வரைக்கும் ஒளிஞ்சுக்கத்தான் போறாரு, நாமளும் நல்லதா ஒரு எடம் பாத்து ஒளிஞ்சுக்கணும்னு. அவளுக்கு நாப்பது வயசாகறப்ப இதை விட நல்ல குரலா வந்திருக்கும். எத்தனை பஸ்ஸுல எத்தனை ஊருக்குத் தப்புத் தப்பா டிக்கெட் எடுப்பா எம் பொண்ணு? அந்தக் குரலை அழிச்சேன். விரல் நம்பருக்கு மேலயே நிக்குது, சிரிப்பா இருக்கு, நாலு மாச வேலைக்கு ஒரு என்டர் தட்டத் தயங்காத விரல். மங்கையைப் பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் நின்னேன். பொண்ணும் புள்ளையும் தனியாப் பேசட்டும்னு விட்டுட்டாங்க, நான் உங்களுக்குப் புடிச்சிருக்கான்னு கேக்கணும், உ வந்துச்சு, பு-வுல நின்னுடுச்சு. ஒரு நிமிஷம் ஆயிருக்கும். வேற எவளா இருந்தாலும் புடிச்சிருக்குன்னோ புடிக்கலைன்னோ சொல்லிட்டு எழுந்து போயிருப்பா. இவ தட்டை என் பக்கம் நகத்தி, "மெதுவாக் கேளுங்க, பஜ்ஜி இன்னும் இருக்கு"ன்னா. அவ காத்துக்கிட்டிருந்தா. அவ்வளவுதான் பண்ணினா, பதினோரு வருஷமா அதைத்தான் பண்றா. அந்தக் காத்துக்கிட்டிருக்கறதைத்தான் நான் ஆரபிக்குக் கேட்டு வாங்கித் தரணும். அதுக்கு வாயைத் தொறக்கணும்.

பதினொண்ணு பன்னெண்டு. அடிச்சுட்டேன். ரிங் போகுது. ஒண்ணு, ரெண்டு, நாலாவது ரிங்ல எடுத்துட்டாங்க, ஆபீஸ்ல இருக்கற அக்காதான். "ஹலோ, ஸ்கூல் ஆபீஸ்." நான் ஆரபியோட அப்பா பேசுறேன், இதுதான் சொல்லணும், நா வந்துச்சு, நா-ன், அதுக்கு மேல தொண்டை பூட்டிக்கிச்சு. வாயி தொறந்திருக்கு, காத்து போக மாட்டேங்குது. "ஹலோ? ஹலோ? கேக்கலைங்க." வச்சுட்டாங்க. சட்டை நனைஞ்சு போச்சு. பரவால்ல, வேணும்னு வைக்கலை, லைன் சரியில்லைன்னு நெனைச்சிருப்பாங்க. மறுபடி அடிச்சேன். "ஹலோ?" ஆ... ஆரபியே வரலை! ஆ-வுல ஆரம்பிக்கற பேரு, கூப்பிடக் கூப்பிட இனிக்கற பேரு, அது கூட நிக்குது. மூச்சுச் சத்தம் மட்டும் போயிருக்கும்போல. "யாருங்க அது, வேலை நேரத்துல ஃபோனைப் போட்டு மூச்சு விட்டுக்கிட்டு? போலீஸ்ல சொல்லிடுவேன்!" டொக். ஐயோ கடவுளே! வந்த அழுகையில சிரிச்சுட்டேன், தனியா உக்காந்து சிரிக்கறேன், புள்ளைக்காக ஃபோன் பண்ணினவன் பொறுக்கிப் பயலாயிட்டேன். பதினொண்ணு பதினேழு. போதும்டா சாமி, பூங்கொத்து என்ன கேவலமா, நல்லதுதானே, போட்டோல கூட வருவா. சாயங்காலம் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து சமாதானம் பண்ணிக்கலாம். அடுத்த வருஷம் பேசிக்கட்டும். அப்பறம் பாத்துக்கலாம். இந்தா, வந்துடுச்சு பாரு, அப்பறம். ச்சீ, எழுந்திருடா! நின்னுக்கிட்டேன். நாற்காலி பின்னால உருண்டு ஃப்ரிட்ஜுல இடிச்சுது. வைத்திலிங்கம் சாருகிட்டேருந்து மெசேஜு, "தம்பி தொடலையே?" தொடப் போறேன் சார், எது ஆனாலும் சரி. என்ன சொல்லணும்னு திடீர்னு தெரிஞ்சுது. இத்தனை வருஷத்துல யாருகிட்டயும் சொல்லாத ஒண்ணு, எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணு. மூணாந்தரம் அடிச்சேன். எடுத்தாங்க. அவங்க ஹலோ சொல்றதுக்கு முன்னாடி, "எ... எ... எனக்குத் தி... தி... தி..." நிக்குது, நிக்கட்டும், விட மாட்டேன், "திக்குங்க. வ... வச்சுடாதீங்க."

அந்தப் பக்கம் டைப்ரைட்டரோ என்னமோ ஓடிட்டிருந்தது நின்னுச்சு. அப்பறம் அந்த அக்கா குரலு, வேற மாதிரி, "ஐயையோ, மன்னிச்சுக்குங்க சார், நான் என்னமோன்னு... நீங்க சொல்லுங்க, நான் வைக்கலை." சொன்னேன். ஆரபியோட அப்பா பேசுறேன்னு சொன்னேன், எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியாது, கடியாரத்தைப் பாக்கலை. நாலாங்கிளாஸ், ரெஜினா மிஸ்கிட்டப் பேசணும். கூப்பிடறேன் இருங்கன்னு போனாங்க. தூரத்துல மைக் டெஸ்ட் பண்றாங்க, ஒண்ணு ரெண்டு மூணு, புள்ளைங்க இரைச்சல், பெஞ்சு இழுக்கற சத்தம். மிஸ் மூச்சு வாங்க வந்தாங்க. "சொல்லுங்க சார், நீங்களா?" நீங்களான்னு அவங்க கேட்டதுல எவ்வளவு ஆச்சரியம்! மூணு வருஷமா என் எழுத்தைத்தான் பாத்திருக்காங்க. சொன்னேன். நேத்து நான் எழுதினது த... தப்பு மிஸ். பயந்துக்கிட்டு எழுதினேன். அவளுக்கில்ல, எனக்குப் பயம். அவ ப... ப... இந்த ப-வுல ரொம்ப நேரம் நின்னேன், மைக் டெஸ்ட் பண்றவன் ரெண்டு தடவை பத்து வரைக்கும் எண்ணிட்டான், மிஸ் முடிச்சு வைக்கப் பாத்தாங்க, "பயப்பட மாட்டாளா சார்?" இல்ல மிஸ்னேன். என் வாக்கியத்தை முடிச்சு வச்சவங்ககிட்ட இல்லைன்னு நான் சொன்னது அதுதான் மொதத் தடவை. ப... பல்லியைப் பத்தி அவளே பேசட்டும். சிரிக்கறவங்க சிரிக்கட்டும், அவ நின்னா நீங்க யாரும் எடுத்துக் குடுக்க வேண்டாம், காத்துக்கிட்டிருங்க, எவ்வளவு நேரமானாலும் அவளே வந்துடுவா. மூணு நிமிஷப் பேச்சு ஆறு நிமிஷம் ஆகும், அவ்வளவுதானே. இத்தனையும் சொல்லி முடிச்சேன். துண்டு துண்டாத்தான் வந்துச்சு, எல்லாம் நான் சொல்ல நெனைச்சதுதான், ஒண்ணைக் கூட மாத்தலை.

மிஸ் கேட்டுக்கிட்டாங்க. அப்பறம், "சார், நீங்க எழுதினதை நான் காலையிலேயே அவகிட்டச் சொல்லிட்டேன்"னாங்க. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெட்டைப் பின்னலோட நின்னுக்கிட்டு இதைக் கேட்டிருக்கா. "உங்கப்பாவே வேணாம்னு சொல்லிட்டாரும்மா, பூங்கொத்துக் குடுன்னேன். அவ ஒத்துக்கவே இல்ல சார். எங்கப்பா ஃபோன் பண்ணுவாரு மிஸ், அதுவரைக்கும் என் பேரை அடிக்காதீங்கன்னு சொல்லிட்டா. எனக்குத் தெரியும், நீங்க ஃபோன் பண்ற ஆளில்லைன்னு. நானும் சரி சரின்னேன். பீரியடுக்கு ஒரு தடவை ஆபீஸுக்கு வந்து, எங்கப்பா ஃபோன் வந்துச்சான்னு இந்த அக்காவைக் கேட்டுட்டுப் போறா. இப்பக் கூட இங்கதான் நிக்கறா. குடுக்கவா சார்?"

குடுங்கன்னு சொல்ல வந்து கு-வுல நான் நிக்கறதுக்குள்ள ஃபோன் கை மாறிடுச்சு. என்கிட்டப் பேசுவான்னு பாத்தேன், பேசலை. ஃபோனைக் காதுலேருந்து எடுத்து நெஞ்சுல வச்சுக்கிட்டாபோல, யூனிஃபார்ம் உரசற சத்தம் கேக்குது, அதுக்கு மேல அவ குரலு, ஆபீஸ் மொத்தத்துக்கும் கேக்கற மாதிரி. "பா... பா... பா..." யாரும் எடுத்துக் குடுக்கலை, எல்லாரும் காத்துக்கிட்டிருந்தாங்க. "பாத்தீங்களா அக்கா, எங்கப்பாதான்!"